பாம்புக்கடி என்று வந்தவள்

டி.பார்ம் முடித்ததும் கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மூன்று வருஷம் மருந்து ஜன்னலுக்குள் நின்று மாத்திரை கொடுத்தேன். என்னை அவசர வார்டுக்குள் இழுத்துப் போட்டது ஒரு அடிதடி.

பருத்தி எடுக்கும் காலம். புதூர்ப் பக்கமிருந்து இரண்டு அண்ணன்மார் தங்கையை வேனில் கொண்டுவந்தார்கள். பாம்பு கடித்துவிட்டதாம். கணுக்காலுக்கு மேல் கயிற்றுக் கட்டு, கீழே பிளேடால் கீறிய ரத்தம். எங்கள் கரிசல்காட்டில் கடிவாயைக் கீறிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே வருவார்கள். பல் பட்ட தடம் அதில் தெரியாது. டாக்டர் விஷமுறிவு ஊசி கேட்டார், எடுத்துக்கொண்டு ஓடினேன்.

குனிந்தபோது அவள் தலைமுடியில் பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து நாறியது. என் அப்பா சட்டையில் வருகிற அதே நாற்றம். தானாகக் குடித்தவளுக்கு முடியெல்லாம் எப்படி நாறும்? உதடு கிழிந்திருந்தது, முன்பல் ஆடியது. வாயைப் பிளந்து ஊற்றியிருக்கிறார்கள். செத்தால் பாம்பு என்று எழுதி வாங்கத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

"டாக்டர், இது பாம்பு இல்ல, பூச்சிமருந்து!" என்று கத்தினேன்.

"பாம்புன்னு சொல்லுதோம்லா, நீ என்னட்டி மோந்து பாக்குத?" மூத்தவன் என் சடையைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்தது. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. கையிலிருந்த ஸ்டீல் ட்ரேயால் அவன் மூக்கில் ஓங்கி அடித்தேன். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

வாட்ச்மேன் அவனை வெளியே தள்ளினார். டாக்டர் அவள் கண்மணியைப் பார்த்தார், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது; பூச்சிமருந்தேதான். அதற்கு முறிவான அட்ரோபின் ஊசிக் குப்பிகளை உடைத்து உடைத்துக் கொடுத்தேன். கண்ணாடி விரல்களைக் கிழித்து, என் ரத்தம் அவள் தாவணியில் சொட்டியது. மறுநாள் அந்த மருந்தின் வேகத்தில் அவள் பிதற்றினாள்: "வாயத் திறக்கேன்ணே, மிதிக்காதீய."

பிழைத்துவிட்டாள். டாக்டர் அன்றிலிருந்து என்னை வார்டிலேயே வைத்துக்கொண்டார். போலீஸ்காரர் வந்து கேட்டபோது, மூக்கில் கட்டோடு நின்ற அண்ணனைப் பார்த்துவிட்டு, "பாம்புதான்" என்றாள். அவளையே அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டுக்குக் கூட்டிப்போக வேன் வந்த அன்று என் கையைப் பிடித்தாள். "அக்கா, எனக்குக் குடுத்த குப்பி மருந்து ரெண்டு வீட்டுக்குத் தருவீயளா?"

அது ஊசியாகத்தான் போட வேண்டும், போட ஆள் வேண்டும் என்றேன்.

"குடிச்சாக் கேக்காதாக்கா?" என்றாள்.