அக்கா மூடி

முப்பத்தெட்டு வயதில் என் அக்காவுக்குப் படிப்புப் பைத்தியம் பிடித்தது. தகடு வெட்டும் பிரஸ்ஸில் பத்து வருஷம் நின்று, பிறகு பேக்கிங்குக்கு மாறியவள், தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோவில் சேர்ந்தாள். பாஸானால் எங்கள் தொழிற்சாலையிலேயே பாதுகாப்பு அதிகாரி வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதன் பிறகு அவள் கால் தரையில் பட்டதாக எனக்கு நினைவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழியும். அவள் ஜன்னலைப் பார்த்தபடி இரைச்சல் அளவுகளை முணுமுணுத்துக்கொண்டு நிற்பாள்.

செய்முறைத் தேர்வுக்கு எங்கள் பிரஸ் செக்‌ஷனையே ஆய்வு செய்யச் சொன்னார்கள். மத்தியான வெயில் கூரை ஓட்டைகள் வழியே இறங்கி எண்ணெய்ப் புகையில் மிதந்துகொண்டிருந்தது. பதினாறு பிரஸ்ஸும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. மஞ்சள் ஹெல்மெட்டோடு அக்கா தூக்கத்தில் நடப்பவள் போல வந்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

என் பிரஸ்ஸின் இடது பொத்தானில் அவள் கண் நின்றது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. ஒன்றில் பாட்டில் மூடியைச் செருகி அமுக்கி வைத்தால் ஒரு கை மிச்சம், வேலை பறக்கும். அவள் வரிசை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்தாள். பதினாறிலும் மூடி.

"உனக்கு மட்டுந்தானேடா சொல்லிக்குடுத்தேன்?"

"நான் எல்லாருக்கும் சொன்னேன்க்கா. இதுக்குப் பேரே அக்கா மூடிதான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

அறிக்கையில் ஒரு கேள்வி: இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது? மேனேஜரும் படிப்பார்.

"யாரோ பழைய ஆளுங்கன்னு எழுதித் தொலைக்கா. கைக்கு வந்த வேலை போயிடும்."

"நாளைக்கு ஒருத்தன் விரல் போச்சுன்னா, அவன் வீட்ல போய் யாரோன்னு சொல்றதா?" என்றாள்.

தன் பெயரையே எழுதினாள். என் பெயரை எழுதவில்லை.

தேர்வில் முதலாவதாக வந்தாள். மூடிகளையெல்லாம் பிடுங்கினார்கள். வேலை வேறொருவருக்குப் போனது.

இன்னமும் பேக்கிங்கில்தான் இருக்கிறாள். இரண்டு கையாலும் பொத்தான்களை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வருகிறது. கண்ணைத் துடைக்கலாமென்றால் கை ஒழியவில்லை.