பாதி முதுகு பாக்கி

பூசல்ஹாம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததை சஃப்ரூ ஊரில் யாரும் பார்த்ததில்லை. காப்பிக் கடையில் கால்பந்து பார்க்கும்போதும், அடுத்த நொடியே கிளம்பப் போகிறவன்போல நுனியில்தான் இருப்பான். பத்து வருடமாக அப்படித்தான். காரணம் முதுகு. பகலில் சிமெண்டு மூட்டை, மாலையில் பளு தூக்கல், வேர்த்த பனியனோடு தூக்கம். தோளிலிருந்து இடுப்புவரை பருக்கள்.

அதை அழுக்கு என்றே நினைத்திருந்தான். வியாழக்கிழமை ஹம்மாமில், ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில், பக்கத்தில் குளிப்பவனிடம் கையில் மாட்டித் தேய்க்கும் சொரசொரப்பான உறையைக் கொடுத்து, "நல்லா அழுத்துப்பா, தோல் போனா போவுது" என்பான். தோல் போனது. பரு போகவில்லை.

ஹாஜி தய்யிபின் மகள் ரஹ்மாவைப் பெண் கேட்டபிறகுதான் தோல் மருத்துவரிடம் போனான்.

"யாருய்யா உன்னை இப்படி அடிச்சது?"

"யாரும் அடிக்கல டாக்டரம்மா. குளிச்சேன்."

"அது முதுகா, அடிபிடிச்ச பாத்திரமா? வேர்த்தா உடனே குளி, பனியனை மாத்து. இந்த ஜெல்லைப் பூசி அஞ்சு நிமிஷத்துல கழுவு. கிள்ளாதே. உறை பக்கமே போகாதே."

ஜெல் பட்டு வீட்டுத் துண்டுகளெல்லாம் வெளுத்துப் புள்ளி மாடுகளாயின. ஆனால் இரண்டு மாதத்தில் பருக்கள் அடங்கத் தொடங்கின.

அப்போதுதான் ஹம்மாமில் ஹாஜி தய்யிப் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெண் விஷயத்தில் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

"தம்பி, என் முதுகைக் கொஞ்சம் தேய்."

பூசல்ஹாம் உயிரைக் கொடுத்துத் தேய்த்தான். முடிந்ததும் ஹாஜி உறையை வாங்கிக்கொண்டார். "இப்ப நீ திரும்பு."

"வேணாம் ஹாஜி. டாக்டர் கூடாதுன்னுட்டாங்க."

"முதுகுக்கு டாக்டரா? காட்டு."

காட்டினான். கூடமே கூடிவிட்டது. ஒருவன் எலுமிச்சை என்றான், இன்னொருவன் வேகாத ஈரல் என்றான். "கல்யாணம் பண்ணா சரியாயிடும்" என்றது ஒரு குரல்.

"அதைத்தான்யா இவர்கிட்ட கேட்டிருக்கேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜி சிரிக்கவில்லை. "முதுகைத் தேய்ச்சுக்கிட்டு, பதிலுக்குத் தேய்க்காம எழுந்து போக நான் என்ன நன்றி கெட்டவனா? திரும்பு. இல்லேன்னா பொண்ணை மறந்துடு."

திரும்பினால் ரஹ்மா கிடைப்பாள், இரண்டு மாதப் பாடு போகும். பூசல்ஹாம் யோசித்தான். பிறகு காலை நீட்டினான். "இதைத் தேயுங்க ஹாஜி."

ஹாஜி இரண்டு காலையும் தேய்த்தார். இரண்டு கையையும் தேய்த்தார். இது ஒரு முதுகுக்கு ஈடாகுமா என்று அரைமணி நேரம் சண்டை. கடைசியில் தண்ணீர் ஊற்றும் மைமூன் தீர்ப்புச் சொன்னான்: "கால் ரெண்டும் கை ரெண்டும் சேர்ந்தா பாதி முதுகு. அதுக்கு மேல ஒரு விரல்கூடக் கிடையாது."

ஹாஜி தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். "பாதி முதுகு பாக்கியோட உன்னை வேற வீட்டுக்கு மாப்பிள்ளையா அனுப்பிட்டு, நான் எங்கன்னு வந்து தேடுறது? வெள்ளிக்கிழமை உங்கம்மாவோட வா."

கல்யாணம் நடந்தது. முதுகும் தேறியது, தழும்புகள் மட்டும் மிச்சம். ஆனால் ஆயுசுக்கும் உறை கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மீதிப் பாதியைத் தேய்க்க விடு என்று ஹாஜி ஆறு வருடம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்.

அடக்கத்தின்போது மூத்த மகன் ஜவாத், வழக்கப்படி, அப்பா யாருக்காவது ஏதாவது தரவேண்டியிருக்கிறதா என்று கேட்டான். கூட்டம் பூசல்ஹாமைத் திரும்பிப் பார்த்தது.

"நான் விட்டுக் கொடுத்துட்டேன்" என்றான் அவன்.

"அது செல்லாது மச்சான். விட்டுக் கொடுத்தா வாங்கிக்காதேன்னு அப்பா சொல்லிட்டுத்தான் போனாரு."

இப்போது வியாழக்கிழமைதோறும் ஜவாத் உறையோடு வருகிறான். பூசல்ஹாம் சுவரோரமாக நகர்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறான்.