எதுவரைக்கும் நல்லா இருந்தார்?

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பாடசாலையை விட்ட பிறகு கடிதம்கூட அதிகம் எழுதியதில்லை. நானும் எழுத வந்துவிட்டேனே என்று வாசிப்பவர்கள் கோபிக்க வேண்டாம்.

போன வருடம், சித்தாண்டியில் வேளாண்மை வெட்டுக் காலம். வயல் வட்டையில் நின்ற என் கணவரின் காலில் துருப்பிடித்த கம்பி ஒன்று குத்தியது. மஞ்சளை அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார். இரண்டொரு நாளில் கால் வீங்கி, காய்ச்சலும் நடுக்கமும் வந்து, பேச்சும் தடுமாறியது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிருமியால் உடம்பு முழுக்கப் பாதிக்கப்பட்டிருக்கிறது, இதற்குச் செப்சிஸ் என்று பெயர், சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று சொல்லி அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். சிறுநீர் போகத் தொடங்கினால்தான் நம்பிக்கை என்றார்கள்.

வெளியே போட்டிருந்த வாங்கில் நானும் அவருடைய தங்கையான என் மச்சாளும் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண் டொக்டர் வந்தார். வெளியூர்ப் பிள்ளை. இந்த நோய் உறுப்புகளை எப்படிப் பழுதாக்குகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். கொஞ்சம் இரத்தம் எடுக்கவும் என்னிடம் சில கேள்விகள் கேட்கவும் சம்மதமா என்றார்.

"இதால உங்கட அவருக்குச் சுகம் வரும் எண்டு சொல்லமாட்டன் அம்மா. இனி வாற ஆட்களுக்கு உதவும். விருப்பமில்லாட்டியும் வைத்தியத்தில ஒரு குறையும் வராது."

ஒளிக்காமல் சொன்னது பிடித்துப்போனது. சம்மதித்தேன்.

சிறுநீர் எப்போது குறைந்தது என்று கேட்டார். நல்லாப் போனது என்றேன். சாப்பாடு? நல்லாச் சாப்பிட்டவர். பேச்சு? நல்லாப் பேசினவர்.

"இவ்வளவு நல்லா இருந்த ஆளை ஏன் அம்மா இங்க கொண்டுவந்தீங்க?"

அழுதுகொண்டிருந்த மச்சாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அவக்கு வாய் வராது டொக்டர். நெல்லு இன்னும் களவெட்டியில கிடக்கு. சொல்லுகா, ஏன் எண்டு!"

களவெட்டியில், அதாவது வயல் களத்தில், சூடு மிதித்து நெல்லைக் குவிக்கும்போது 'இல்லை', 'குறைவு', 'முடிந்தது' என்று சொல்லமாட்டோம். சொன்னால் குவித்த நெல்லின் பொலி குறைந்துவிடுமாம். இப்போது மெஷின் வெட்டினாலும், நெல் வீட்டுக்கு வரும்வரை அவர் அந்தச் சொற்களை வாயில் எடுக்கமாட்டார். அவர் உள்ளே கிடக்கும்போது நான் எப்படிச் சொல்வது? சொன்னால் அவரே குறைந்துபோவார் என்று பயந்தேன். வெட்கத்தோடு அதைச் சொன்னேன்.

டொக்டர் சிரிக்கவில்லை.

"சரி. நீங்க குறையைச் சொல்ல வேணாம். எதுவரைக்கும் நல்லா இருந்தார் எண்டு மட்டும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு எனக்குத் தடையே இருக்கவில்லை. காய்ச்சல் தொடங்கிய நாள் வெள்ளாப்பில், விடியும் நேரம் வட்டைக்குப் போகும்வரை சிறுநீர் நல்லாப் போனது. மத்தியானம் வரை சாப்பிட்டார். அடுத்த நாள் காலையில் மாடு அவிழ்க்கும்வரை பேச்சுத் தெளிவாக இருந்தது. எழுதிக்கொண்டு வந்தவர் நிமிர்ந்தார். பேச்சுத் தடுமாற முதலே சிறுநீர் நின்றிருக்கிறது, உள்ளே இருக்கிற டொக்டர்களும் இதை அறிய வேணும் என்று எழும்பிப் போனார்.

அந்த ஆராய்ச்சியில் என்ன கண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால், அவ்வளவு படித்தவர் என் பயத்தைக் குறை சொல்லாமல் தன் கேள்வியை மாற்றிக்கொண்டாரே, அதை நினைத்துத்தான் இன்று யாருக்குக் காய்ச்சல் என்றாலும், எதுவரைக்கும் சிறுநீர் நல்லாப் போனது என்று நான் வெட்கப்படாமல் கேட்கிறேன்.

அந்த டொக்டர் எழும்பிப் போன அடுத்த நாள் காலையில் தாதி வெளியே வந்து, அவருக்குச் சிறுநீர் கூடியிருக்கிறது என்றார்.