கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு

அந்தச் சனிக்கிழமை காலையில் வீட்டில் இருந்தது நாலு பேர். அம்மா அடுக்களையில் இருந்தாள். பிளஸ் டூ படிக்கும் தங்கை முன்னறைக் கட்டிலில் புத்தகத்தோடு. நான். அப்புறம் என் கூட்டுக்காரன். பாலிடெக்னிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன், இப்போது நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பார்க்கிறான். அப்பா இல்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகில் ஏறி இருபது நாள் ஆகியிருந்தது. இன்னொன்றும் அன்று இல்லை. கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் எப்போதும் கிடக்கும் அப்பாவின் நீல ரப்பர் செருப்பு.

செருப்பின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கடல். யார் வந்தாலும், பங்குச் சாமியாரே வந்தாலும், முற்றத்துக் குழாயில் கால் கழுவி மணலைப் போக்கிவிட்டுத்தான் உள்ளே ஏற வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதனால் முன்னறைத் தரையில் எந்நேரமும் ஈரத் தடம் இருக்கும். அந்த ஈரக்காலோடு போய்க் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று ஏறும். தரிப்பு என்று சொல்வோம். முதலில் சொன்னது தங்கைதான். அப்பா ஒருநாள் தொட்டுப் பார்த்தார். போய்த் தன் பழைய செருப்பை எடுத்துவந்து மேசைக்கு அடியில் போட்டார்.

"இதுல கால வச்சிட்டு இருங்க. ஒண்ணும் செய்யாது."

அதன்பிறகு அது வீட்டு வழக்கமாகிவிட்டது. உட்காருகிறவர் முதலில் செருப்பில் கால் நுழைப்பார், பிறகுதான் பட்டனை அமுக்குவார். மழை பெய்தால் தரிப்பு கூடும். உப்புக்காற்று, ஈரம், கடற்கரை வீடுகளில் இப்படித்தான் என்று நான் விளக்கமும் கொடுத்திருந்தேன். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. டிப்ளமோ முடித்த நான் ஒன்றைச் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அந்த நாட்களில் அம்மாவுக்கு வலது கை விரல்கள் தரிப்பாக இருந்தன. சர்க்கரை நோயாக இருக்கும் என்று நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை இல்லை என்றார்கள். நரம்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். எப்போது தரிக்கிறது, எதைத் தொடும்போது தரிக்கிறது என்று டாக்டரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் கவலை வேறாக இருந்தது. மார்த்தாண்டத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு காண்டிராக்டருக்கு நான் முப்பரிமாணப் படம் செய்து கொடுக்கிறேன். கட்டப்போகும் வீடு முடிந்தபின் எப்படி இருக்கும் என்று கல்ஃபில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஃபோனில் அனுப்புவார்கள். ஒரு படம் முழுசாக உருவாக மூன்று மணி நேரம் பிடிக்கும். இரண்டு மாதமாகப் பாதியில் கம்ப்யூட்டர் அணைந்து தானாகத் திரும்ப ஓடத் தொடங்கியது. கிராபிக்ஸ் கார்டு பழசு, நாலு ஜிபி, அதுவும் செகண்ட் ஹேண்ட். புதுக் கார்டு வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று வீடியோக்கள் பார்த்து முடிவுக்கு வந்திருந்தேன். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கு முன் ஒரு தடவை கூட்டுக்காரன் பார்த்துவிடட்டும் என்றுதான் அவனை வரச் சொன்னேன்.

மழையில் நனைந்து ஒன்பதரைக்கு வந்தான். முற்றத்தில் நின்று குரல் கொடுத்தான்.

"ஏலே, கால் கழுவினாத்தான் உள்ள விடுவியளோ? நான் என்ன மாதா கோயிலுக்கா வந்திருக்கேன்?"

அடுக்களையிலிருந்து அம்மா சொன்னாள். "கோயிலுக்கு மணலோட போலாம் மக்கா. இங்க தூத்து வாருறது நான்லா."

அவன் சிரித்துக்கொண்டே கழுவிவிட்டு ஈரக்காலோடு உள்ளே வந்தான். அப்போதுதான் மேசைக்கு அடியில் பார்த்தேன். செருப்பு இல்லை.

"செருப்ப எங்கம்மா?"

"மதில்ல காய வச்சிருக்கேன். வெளியாளு வரும்போ, சேசுபடத்துக்கு நேர கீழ செருப்பு கெடந்தா என்ன நெனப்பான்?"

மதிலில் மழை பெய்துகொண்டிருந்தது. பத்து நிமிஷ வேலைதானே என்று விட்டுவிட்டேன்.

அவன் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தான். "இது கடையில டெஸ்டுக்கு வச்சிருக்கது. ஒனக்குள்ளதக் கழட்டிட்டு இத மாட்டி ஓட்டுவோம். இதுலயும் ஆஃப் ஆச்சுன்னா கார்டு மேல குத்தமில்ல, காச மிச்சம் பிடி."

"ஆகலேன்னா?"

"ஆகலேன்னா எங்க கடையில வாங்கு. எனக்குக் கமிஷன்."

கம்ப்யூட்டர் எப்போதெல்லாம் அணைந்தது என்று நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பொறுப்பாகச் செய்த வேலை என்று பெருமையோடு எடுத்துக் காட்டினேன். அவன் விரலை வைத்து வாசித்தான்.

"என்னலே இது, கோயில் மணி அடிக்க மாதிரி. ஆறரை, பத்து, சாயங்காலம் அஞ்சு. மறுநாளும் ஆறரை, பத்து, அஞ்சு. சூட்டுல ஆஃப் ஆவுறது மணி பாத்தா ஆவும்?"

"பின்ன?"

"தெரியல." நோட்டை மூடாமல் கட்டிலில் வைத்தான்.

ஆறரைக்கும் பத்துக்கும் ஐந்துக்கும் எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தால் தங்கைகூடச் சொல்லியிருப்பாள்.

கார்டை மாற்றி மாட்டினான். பெட்டியின் பக்கவாட்டுத் தகடை மூடவில்லை. பிளக்கைச் சொருகி, படத்தை ஓட விட்டோம். ஓடியது. கால் மணி நேரம் சத்தமில்லாமல் ஓடியது. புதுக் கார்டுதான் வேண்டும் என்று என் மனசுக்குள் உறுதியாகிவிட்டது. சுவரில் மணி பத்தாகப் போகிறது.

"மக்கா, ஒன் கூட்டுக்காரன் சாப்பிட்டுட்டுத்தான் போணும். சாளை வாங்கியிருக்கேன்," என்றாள் அம்மா. மீன் கழுவத் தண்ணீர் வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுக்களைச் சுவரில் சுவிட்சைப் போட்டாள். கிணற்றடியில் மோட்டார் உறுமத் தொடங்கியது.

திரையில் ஒரு கோடு விழுந்தது. கார்டின் ஃபேன் நிற்கிறதா என்று பார்க்க அவன் ஈரத்தரையில் குத்தவைத்து, ஒரு கையால் பெட்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தான். பிறகு அவன் அசையவில்லை. தாடை இறுகியிருந்தது. தொண்டையிலிருந்து பலகை உரசுவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. நான் பாய்ந்து மேசைப் பக்கத்துச் சுவிட்சை அணைத்தேன். திரை இருண்டது. அவன் கை விடவில்லை. அணைத்த பிறகும் விடவில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அவன் தோளைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"தொடாத," என்று தங்கை கத்தினாள். கட்டிலிலிருந்து குதித்து வாசலுக்கு மேலே இருந்த மெயினை இழுத்தாள்.

மோட்டார் நின்றது. அவன் பெட்டியையும் இழுத்துக்கொண்டு பின்னால் சரிந்தான். கடைக்காரரின் கார்டு இரண்டாக முறிந்து கிடந்தது.

ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் ஒயர் ஒட்டி, படம் எடுத்துப் பார்த்தார்கள். மத்தியானம் வரை படுக்கவைத்தார்கள். உள்ளங்கையில் இரண்டு வெள்ளைக் கொப்புளம், வேறொன்றுமில்லை. தப்பித்தான் என்றார் டாக்டர். படுத்துக்கொண்டே அவன்தான் சொன்னான்.

"சுவிட்ச அணைச்ச பெறவும் பிடிச்சுதுலே. அப்போ கரண்டு வந்தது கம்ப்யூட்டர்ல இருந்து இல்ல. கார்டு கெடக்கட்டு, ஒயரிங் பாக்க ஆள விளி."

சாயங்காலம் வயர்மேன் அண்ணன் வந்தார். மெயினைப் போட்டு, மோட்டாரையும் ஓடவிட்டு, டெஸ்டரைக் கம்ப்யூட்டர் பெட்டியில் வைத்தார். எரிந்தது. ஃபிரிட்ஜ் கதவில் வைத்தார். கிரைண்டரில் வைத்தார். எல்லாவற்றிலும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. மெயினை உடனே அணைத்தார்.

"எர்த்து எங்க எறக்கியிருக்கு?"

எங்களுக்குத் தெரியவில்லை. அவர் சுவரைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்து, நாங்கள் குளிக்கும் குளிமுறிக்குப் பின்னால் நின்றார். பச்சை பிடித்த ஒரு செம்புக் கம்பி சுவரில் முழங்கை நீளத்துக்குத் தொங்கியது. முனை வெட்டப்பட்டிருந்தது.

"இத எவன் வெட்டுனான்?"

போன வருஷம் என் முதல் சம்பாத்தியத்தில் வீட்டுக்குச் செய்தது ஒன்றுதான். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டேன். அந்த இரும்புக் குழாயில் இந்தக் கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இது எதுக்கு மக்கா என்று அப்பா அப்போதே கேட்டார். சும்மா கெட்டி வச்சிருக்கு, வெட்டிரலாம் என்று பிளம்பரிடம் சொன்னது நான்.

"நான்தான்," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாத்துக்கும் ஒரே கம்பி. அது குழாய் வழியா மண்ணுக்குப் போய்ட்டு இருந்தது. இப்போ மோட்டார் காயில் நனைஞ்சு கரண்டு லீக்காவுது. மண்ணுக்குப் போவ வழியில்ல. அதனால மோட்டார் ஓடும்போ எல்லாம் வீட்டுக்குள்ளேயே சுத்துது."

அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். வலது கையை இடது கைக்குள் மூடி வைத்திருந்தாள்.

"தண்ணி வரும்போதுதான் நான் கிரைண்டர் கழுவுவேன்," என்றாள். "அப்பதான் தரிக்கும்."

இத்தனை நாளும் தினமும் கழுவியிருக்கிறாள். நான் அவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

முற்றத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த்துக் குழாய் இறக்கினார்கள். லீக்கானால் தானாக அணையும் சுவிட்ச் ஒன்றை மெயினுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மோட்டார் காயில் மாற்றப் போனது. என் பழைய கார்டையே திரும்ப மாட்டினேன். மோட்டார் வந்த பிறகு, பத்து மணிக்கு அம்மா சுவிட்சைப் போடும்போது கம்ப்யூட்டர் முன்னால் நின்று பார்த்தேன். படம் நிற்காமல் ஓடி முடிந்தது. புதுக் கார்டு தேவையே இருக்கவில்லை.

பதினாறு நாள் கழித்து அப்பா வந்தார். முற்றத்தில் கால் கழுவி உள்ளே ஏறியவர், மேசைக்கு அடியில் பார்த்தார்.

"செருப்ப எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா எழுந்து குளிமுறிக்குப் பின்னால் போனார். கம்பியின் வெட்டுமுனை இப்போதும் அங்கேதான் தொங்குகிறது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது அடுக்களை வாசலில் நின்று அம்மாவின் கையைப் பார்த்தார். அவள் இடது கையால் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு மக்கா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கும், எர்த்துக்கும், மோட்டாருக்கும், முறிந்துபோன அந்தக் கார்டுக்கும் சேர்த்துச் சொன்னேன். பதினாறாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.