வடிகட்டிக்குள் கிடந்த பாக்கு

யூரோ வந்த புதிதில், ஜெர்மனியில், கொலோன் நகரில் எங்கள் கட்டடத்துக்கு நிலக்கீழ் அறையில் ஒரே ஒரு உடுப்புத் தோய்க்கிற மெசின்தான்.

"இஞ்சேருங்கோ, தண்ணி வடியுதில்லை" என்று ஒரு சனிக்கிழமை மனைவி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் என் வேட்டி அழுக்குத் தண்ணீரில் மிதக்கிறது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கீழ்வீட்டு ஜெர்மன்காரி தன் நாயின் போர்வையையும் அதில்தான் தோய்ப்பாள். நேரே போய்க் கதவைத் தட்டி, "உங்கள் நாயின் மயிர்தான் அடைத்திருக்கிறது" என்று தெரிந்த ஜெர்மனில் கத்தினேன்.

அவள் வாதாடவில்லை. ஒரு தட்டோடு வந்து, முழங்காலில் இருந்து, மெசினின் அடிமூடியைத் திறந்து தண்ணீரை வடித்தாள். வடிகட்டியைக் கழற்றியதும் ஒரு கொட்டை உருண்டு வந்தது. மயிர் ஒன்றுகூட இல்லை.

அது கொட்டைப்பாக்கு. போன கிழமை கலியாண வீட்டில் வெற்றிலையோடு தந்ததை நான்தான் சட்டைப் பையில் போட்டு மறந்திருந்தேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் நாய் காட்டில் பொறுக்கிப் போர்வைக்குள் வைத்ததாக இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லை" என்றேன் நான்.

இத்தனை வருசத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் என் வாயில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது.