தீவுக்குத் துறை வந்த கதை

எங்கள் ஊர்த் துறைமுகத்தில், போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே இருக்கும் என் டீக்கடைக்கு ஒரு வாரம் தொடர்ந்து வந்தார் அந்த இந்தோனேசியக் கப்பல்காரர். வெயிலில் கருத்த முகம், முன்பல் ஒன்று கிடையாது. டீ வந்ததும் சட்டைப் பையிலிருந்து தன் தீவில் விளைந்த கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒன்று நீட்டுவார். நான் மலேசியாவில் வேலை பார்த்தவன். அதனால் மலாயில் பேசிக்கொள்வோம். என்னை ‘அபாங்’, அதாவது அண்ணன் என்பார்.

ஒருநாள் போனில் தன் கிராமத்துப் புதுப் படகுத்துறையைக் காட்டினார். நல்ல சிமெண்டுத் துறை.

“இனிமேல் கிராம்பு ஏற்றக் கப்பல் வரும். ஊர் பிழைத்துக்கொள்ளும்” என்றேன்.

“அப்படிச் சொல்லித்தான் கட்டினார்கள், அபாங். கப்பலும் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் அதில் ஏறிப் போய்விட்டார்கள். கிராம்பு பறிக்க ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் ஆடு கட்டுகிறார்கள். கடைசியில் நானும் ஏறினேன்.”

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊர்ப்பற்று ஏது?” என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

“உங்கள் பிள்ளைகள்?”

“மகன் கோலாலம்பூர். மகள் பாங்காக்.”

அவர் எதிரே திரும்பி, கிரேன்களையும் கிடங்குகளையும் நிதானமாகப் பார்த்தார்.

“உங்களுக்கு எவ்வளவு பெரிய துறை!” என்றார்.

கிண்டலா, பரிதாபமா, இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு அவர் நீட்டிய கிராம்பை நான் வாங்கவில்லை.