கம்பத்திலிருந்து காற்றோடு வந்தவர்

இரண்டாம் பாடவேளை நடந்துகொண்டிருந்தபோது தலைமையாசிரியர் அறையிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார். தொலைபேசியில் ஜெபராஜ் அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் மதினி. "சார், கடையில ஆணி நிறுத்துக்கிட்டு இருந்தவுக அப்படியே சாஞ்சுட்டாக. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." வகுப்புக்குத் திரும்பி, பாதியில் விட்ட கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

தேனி கடைவீதியில் இரும்புக்கடை ஜெபராஜ் அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் குறைவு. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. சைக்கிளிலேயே கன்னியாகுமரி போக வேண்டும், துணைக்கு நானும் வர வேண்டும். "லாரியில போனா லோடுதான் சார் தெரியும், ஊரு தெரியாது" என்பார். காலாண்டு விடுமுறையில் கிளம்புவதாக முடிவு செய்தோம்.

பயிற்சிக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைக்கிள்களைப் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கம்பம் போய்விடுவோம். அங்கிருந்து தேனிக்கு மிதிப்பது. வீட்டைப் பார்த்து ஓட்டினால் கால் தானாக வரும் என்பது அவர் கணக்கு. பழக்கத்துக்காகக் கேரியரில் ஆணி மூட்டை வேறு. இரண்டு மணி நேரத்தில் வந்து இறங்கிவிடுவோம். "இம்புட்டுத்தானா சார்? கடல் மட்டும் குறுக்க வராட்டி இலங்கைக்கே போயிரலாம்!" என்று சிரித்தார். ஆடிக்காற்று முதுகைத் தள்ளியது, சாலையும் இறக்கம். கம்பம் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. நான் அறிவியல் வாத்தியார் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிறு, கல்யாணக் கூட்டம் என்று கண்டக்டர் சைக்கிளை ஏற்ற மறுத்துவிட்டார். சரி, இங்கிருந்தே கம்பத்துக்கு மிதிப்போம் என்றார் அண்ணாச்சி. காற்று எதிரே நின்றது. சின்னமனூர் தாண்டியதும் இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சோடாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நெஞ்சு வலிக்குது சார். வாயுதான். சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்."

"டாக்டரப் பாப்போம் அண்ணாச்சி."

"டாக்டரு மொதல்ல சைக்கிளத்தான் புடுங்குவாரு. வீட்டுல சொல்லிராதீக. ஒங்க கால்ல விழுந்து கேக்குறேன்."

என்னைவிடப் பத்து வயது பெரியவர் அப்படிக் கேட்டால் என்ன செய்வது? தலையாட்டிவிட்டேன். அதன் பிறகும் இரண்டு தடவை நெஞ்சு வலிக்குதென்றார். இரண்டு தடவையும் அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்கு முடிந்தது அவ்வளவுதான். மதினியிடம் சொல்லிவிடுவது என்று ஒருநாள் வீடு வரைக்கும் போனேன். அவர் காப்பி கொடுத்தார். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது மதினி என்னிடம் வந்தார். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஒங்கள்ட்டயாவது நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாகளா சார்?"

இல்லை என்று சொன்னேன்.

இன்று இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் அண்ணாச்சியைப் பற்றி ஆளுக்கொரு நல்ல நினைவு இருக்கும். என்னிடம் இருப்பது இந்தப் பொய்தான். அதையும் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. மதினி, எங்கிட்டச் சொன்னாக. மூணு தடவையும் சொன்னாக.